இழப்புக்குப் பின் வரும் காதலை எழுதுவது எப்படி: அம்பையிலிருந்து ஒரு தையல்காரி

துணையை இழந்த ஒருவர் மறுபடி இன்னொருவரை விரும்பும் கதையை எழுத உட்காருகிறீர்களா? முதலில் இறந்துபோனவரை நல்லபடியாக வாழ வையுங்கள். கதாநாயகியின் முதல் கணவனைக் குடிகாரன், கைநீட்டுகிறவன் என்று காட்டிவிட்டால் வேலை சுலபமாக முடிந்துவிடும். அவன் போனதே நல்லது என்று வாசகர் முடிவு செய்துவிடுவார், அடுத்தவன் வந்ததும் சந்தோஷப்படுவார். அப்படிப் பாடுபட்ட பெண்கள் நம் ஊரில் உண்டு, அவர்கள் கதையும் எழுதப்பட வேண்டும். ஆனால் அது விடுதலைக் கதை. நான் சொல்வது, ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்த குடும்பத்தில் திடீரென்று ஒருவர் இல்லாமல் போன கதை. போனவர் மேல் பிரியம் அப்படியே இருக்கும்போதே இன்னொருவரைப் பிடித்துப்போகிறது. எழுத வேண்டிய சிக்கல் அதுதான்.

திருநெல்வேலிப் பக்கம், அம்பை என்று சுருக்கிச் சொல்கிற அம்பாசமுத்திரத்தில் தையல் கடை வைத்திருக்கிறேன். பகலில் ஜாக்கெட், ராத்திரி தொடர்கதை. என் முதல் கணவர் மாரடைப்பில் போனார். இப்போதைய கணவரும் மனைவியை இழந்தவர்தான். முன்னறையில் அந்த இரண்டு பேர் படமும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கிறது, வெள்ளிக்கிழமை வாங்கும் பூவில் இரண்டுக்கும் சரிபாதி. இந்த விஷயத்தில் எனக்கு இவ்வளவு பிடிவாதம் இருப்பது அதனால்தான்.

கதையின் முதல் வரிக்கு முன்னால் ஒரு நோட்டில் இறந்தவரைப் பற்றி மட்டும் எழுதுங்கள். காப்பிக்குக் கருப்பட்டியா சீனியா, யாரோடு பேச்சுவார்த்தை இல்லை, யாருக்குக் கடன் பாக்கி, பஸ்ஸில் எந்தப் பக்கம் உட்காருவார். இரண்டு குறைகளாவது இருக்கட்டும். குறையே இல்லாதவராக எழுதினால் அவர் படத்தில் மாலை போட்ட முகமாகவே நின்றுவிடுவார், வீட்டுக்குள் நடமாட மாட்டார். அப்புறம் அவர் விட்டுப்போன பொருள்களில் ஒன்றே ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். சட்டை, மூக்குக்கண்ணாடி, செருப்பு எல்லாம் எல்லோரும் எழுதியாயிற்று. நம் பக்கத்துப் பொருளாகத் தேடுங்கள்.

எனக்குப் பத்தமடைப் பாய் கிடைத்தது. தாமிரபரணிக் கரையில் வளரும் கோரையைக் கீறி, ஊறவைத்து, சாயம் ஏற்றி நெய்கிற பாய் அது. கல்யாணத்துக்கென்று சொல்லி வைத்தால் மாப்பிள்ளை பெயரும் பெண் பெயரும் பாயிலேயே நெய்து தருவார்கள். இப்போது யோசித்துப் பாருங்கள். அம்பையில் ஒரு வாத்தியார், மனைவி போய் இரண்டு வருஷம் ஆகப்போகிறது. அந்தப் பாய் சுருட்டியபடி கதவு மூலையில் நிற்கிறது. ஆற்றுக்கு அந்தப் பக்கம் கல்லிடைக்குறிச்சியில் அப்பளம் இட்டுப் பிழைக்கிற ஒரு பெண், அவளும் கணவனை இழந்தவள். அப்பளக் கட்டைக் கொடுக்க வந்தவள் பாயைப் பார்க்கிறாள். சாரல் நேரம், வீடு முழுக்க ஈரவாடை. "சார், பாயைப் பிரிச்சு வெயில்ல போடுங்க. பூசணம் பிடிச்சுரும்" என்கிறாள். அவர் மொட்டை மாடியில் கொண்டுபோய் விரிக்கிறார். ஓரத்தில் இரண்டு பெயர். அவள் குனிந்து, அவர் மனைவியின் பெயரை வாய்விட்டு வாசிக்கிறாள்.

அவர் மனம் நோகுமென்று ஊரில் ஒருத்தரும் அவர் முன்னால் சொல்லாமல் தவிர்த்துவந்த பெயர் அது. என்னைக் கேட்டால் அந்தக் கதையின் முதல் காதல் காட்சி இதுதான். கண்ணும் கண்ணும் பார்க்கத் தேவையில்லை. மழை வருகிற மாதிரி இருந்தால் இரண்டு பேரும் சேர்ந்து பாயைச் சுருட்டட்டும், அது போதும்.

அடுத்தது காலம். "ஒரு வருடம் கழித்து" என்று ஒரே வரியில் தாண்டிப் போகாதீர்கள். துக்கத்துக்கு நம்மிடம் தனி நாள்காட்டி இருக்கிறது. துட்டி கேட்க வருகிறவர்கள் கூட்டம் 16-ஆம் நாள் விசேஷத்தோடு கலைந்துவிடும். கதை தொடங்க வேண்டியது 17-ஆம் நாள் காலையில், சோற்றுக்கு எத்தனை பேருக்கு அரிசி போடுவது என்று கை தடுமாறுகிற இடத்தில். ஜூன் மாதம் பாபநாசம் அணை திறந்தால் கார் பருவ நெல் சாகுபடி, ஐப்பசி மழைக்கு மேல் பிசானப் பருவம்: வயல் உள்ள குடும்பம் என்றால் அவன் இல்லாமல் வருகிற முதல் நடவை எழுதுங்கள். ஆடி அமாவாசைக்குப் பாபநாசம் படித்துறையில் தர்ப்பணம் கொடுக்கிற கூட்டத்தையும், காரையாறு சொரிமுத்து அய்யனார் கோயிலில் குடில் போட்டுத் தங்குகிற குடும்பங்களையும் விட்டுவிடாதீர்கள். துக்கமும் சமையலும் சிரிப்பும் ஒரே இடத்தில் நடக்கிற நாள் அது.

கதாநாயகி மேலப்பாளையத்து முஸ்லிம் பெண் என்றால், கணவனை இழந்தவள் காத்திருக்க வேண்டிய இத்தா காலம் பொதுவாக 4 மாதம் 10 நாள். அதற்குள் கல்யாணப் பேச்சே எடுக்கக்கூடாது. அது முடிந்தபிறகு மறுமணத்துக்கு மார்க்கத்தில் தடை கிடையாது, தடை வந்தால் வீட்டாரிடமிருந்துதான் வரும். அந்த வித்தியாசத்தை எழுதினாலே பாதிக் கதை நிமிர்ந்துவிடும். பாளையங்கோட்டைக் கத்தோலிக்கக் குடும்பம் என்றால் நவம்பர் 2, கல்லறைத் திருநாள். கல்லறையைக் கழுவி, பூ வைத்து, மெழுகுவர்த்தி ஏற்றுவார்கள். பக்கத்துக் கல்லறையைக் கழுவ வந்தவரிடம் வாளி கேட்பது, பேச்சு தொடங்க இயல்பான ஒரு வழி.

துக்கம் ஆறுவதை எப்படிக் காட்டுவது என்று எழுதுகிற பிள்ளைகள் கேட்பதுண்டு. அழுகை நின்றது, சிரிப்பு வந்தது என்று எழுதாதீர்கள். என் கடையில் நான் பார்ப்பதைச் சொல்கிறேன்.

கணவன் போன முதல் வருஷம் ஒரு பெண் தனக்கென்று துணி கொண்டுவர மாட்டாள். மகளுக்குப் பாவாடை, மாமியாருக்கு ரவிக்கை என்று வருவாள். அப்புறம் ஒருநாள் தயங்கித் தயங்கி ஒரு பிளவுஸ் பிட்டை எடுத்து வைப்பாள், கரும்பச்சையோ காப்பிக் கலரோ. "கழுத்த இறக்காதீங்கக்கா, கை முட்டி வர இருக்கட்டும்" என்பாள். அளவு ஜாக்கெட்டை வாங்கிப் பார்த்தால் பழையது. அதைப் போட்டுக்கொண்டு நிற்கச் சொன்னால் தொளதொளவென்று தொங்கும். உடம்பு அவ்வளவு வற்றியிருக்கும். நான் இரண்டு பக்கமும் பிடித்துத் தைப்பேன். ஆனால் உள்ளே துணியை வெட்ட மாட்டேன், தாராளமாக மடித்து விட்டுவிடுவேன். கொஞ்ச மாதம் போனபிறகு அதே ஜாக்கெட்டோடு வருவாள். "இறுக்குதுக்கா, தையலப் பிரிச்சு விடணும்." அன்றைக்கு அவள் முகத்தைப் பார்க்க எனக்கு அவ்வளவு நிம்மதியாக இருக்கும். வீட்டில் உட்கார்ந்து சாப்பிடத் தொடங்கியிருக்கிறாள்.

இதை உங்கள் கதையில் கட்டாயம் கவனியுங்கள்: அவள் சாப்பிடத் தொடங்குவது காதலன் வருவதற்கு முன்னால் நடக்க வேண்டும். அவனால்தான் அவள் தேறினாள் என்று எழுதினால், அவன் ஒரு வாரம் வெளியூர் போனால் அவள் மறுபடி விழுந்துவிடுவாள். அவளைத் தூக்கி நிறுத்தட்டும் வேலையும், பிள்ளையும், பக்கத்து வீட்டு ஆச்சி மல்லுக்கட்டி ஊட்டுகிற உளுந்தஞ்சோறும் எள்ளுத் துவையலும். அவள் நின்றபிறகு அவன் பக்கத்தில் வந்து நிற்கட்டும்.

இருவரும் சந்திக்க ஒரு காரணம் வேண்டும், அது அவர்கள் வேலையிலிருந்து வந்தால் நல்லது. சின்ன ஊரில் சும்மா நின்று பேச முடியாது. அப்பளக் கட்டு, செங்கோட்டை பாசஞ்சர், கூட்டுறவு வங்கியில் நகைக் கடன், பள்ளிக்கூடத்தில் பிள்ளையின் மார்க் சீட், எதுவும் ஆகும்.

ஊர்வாயை எழுதும்போது நிதானம் தேவை. ஊர் என்றாலே வம்பு பேசுகிற கூட்டம் என்று எழுதிவிடுகிறார்கள். துட்டி வீட்டுக்கு மூன்று வேளையும் காப்பி கொண்டுவந்ததும் அதே ஊர்தான். அந்த நன்றியும் சேர்ந்து இருப்பதால்தான் அவர்கள் பேச்சு அவளுக்கு வலிக்கிறது. எதிர்ப்பை முழுவதும் மாமியார் தலையில் கட்டாதீர்கள். மகனைப் பறிகொடுத்தவள் அவள், கதையில் அவளுடைய இழப்புதான் எல்லாவற்றிலும் பெரியது. அவள் சம்மதத்தையும் வாய்திறந்து சொல்ல வைக்காதீர்கள். என் கதையில் இப்படி வந்தது:

"ஏட்டி, வாத்தியாரு வீட்டுக்கா போற?"

"ஆமா அத்தை. அப்பளம் கேட்டிருந்தாவ."

"தலையச் சீவிட்டுப் போயேன். பரட்டையா போவாத."

இதற்குமேல் ஒரு வரிகூட நான் சேர்க்கவில்லை. அவள் உள்ளே போய்ச் சீப்பைத் தேடினாள் என்று அடுத்த பத்தியைத் தொடங்கினேன்.

சட்டமும் பணமும் தெரியாமல் எழுதாதீர்கள், கதை அங்கேதான் ஓட்டையாகிறது. கணவன் அரசு வேலையில் இருந்து இறந்திருந்தால் மனைவிக்கு வரும் குடும்ப ஓய்வூதியம் பொதுவாக மறுமணத்தோடு நின்றுவிடும். இரண்டு பிள்ளைகளை வைத்திருப்பவள் தாலி கட்டிக்கொள்ளத் தயங்குவதற்கு அது ஒன்றே போதும், வில்லனே வேண்டாம். சொத்து விஷயம் வேறு. 1956-ஆம் வருஷத்து இந்து வாரிசுரிமைச் சட்டப்படி கணவன் இறந்தபோது அவளுக்கு வந்து சேர்ந்த பங்கு மறுமணத்தால் பறிபோகாது. "கல்யாணம் பண்ணினா வயலை விட்டுட்டுப் போ" என்று கொழுந்தன் மிரட்டலாம், ஆனால் அந்த மிரட்டல் செல்லாது என்பது எழுதுகிற உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். மதம் மாறாமல் வேறு மதத்தவரைக் கட்டுவதென்றால் 1954-ஆம் வருஷத்து சிறப்புத் திருமணச் சட்டம். பதிவு அலுவலகத்தில் 30 நாள் நோட்டீஸ் ஒட்டுவார்கள். தெரிந்தவர்கள் தினமும் வந்துபோகிற இடத்தில் இரண்டு பெயரும் ஒரு மாதம் தொங்கும். நான்கு அத்தியாயத்துக்கு வேண்டிய படபடப்பு அந்த ஒரு தாளில் இருக்கிறது. இந்துக்கள் இருவர் புரோகிதர் இல்லாமல் மாலை மாற்றிக்கொள்ளும் சுயமரியாதைத் திருமணம் 1967-இல் வந்த சட்டத்தின்படி நம் மாநிலத்தில் செல்லும். டாக்டர் தர்மாம்பாள் அம்மையார் பெயரில் விதவை மறுமண நிதியுதவியும் இருக்கிறது, படிப்பைப் பொறுத்து 25,000 அல்லது 50,000 ரூபாயும் தாலிக்கு 8 கிராம் தங்கமும். பிள்ளையின் இனிஷியலையும் முடிவு செய்துகொள்ளுங்கள். நான் மாற்ற மாட்டேன். அப்பா பெயர் அப்பா பெயராகவே இருக்கட்டும்.

வெள்ளத்தைப் பற்றி ஒன்று. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. ஸ்ரீவைகுண்டத்தில் சுமார் 800 பயணிகளோடு ரயில் நின்றது. அதற்குப் பிறகு காதலர்கள் இருவரை மொட்டை மாடியில் மாட்டவைக்க வெள்ளம் வருகிற கதைகளைப் பார்க்கிறேன். எனக்கு அது பிடிக்கவில்லை. அந்தத் தண்ணீரில் வீட்டையும் ஆளையும் இழந்தவர்கள் நம் பக்கத்தில் இருக்கிறார்கள். வெள்ளம் வேண்டுமென்றால் அதைக் கதையின் இழப்பாகவே வையுங்கள். சேறு அள்ளுவதையும், நனைந்த ரேஷன் கார்டைக் காயவைப்பதையும், தை மாதத்தில் பொங்கல் பானை வாங்கலாமா என்று யோசிப்பதையும் எழுதுங்கள்.

கல்யாணத்தை எங்கே முடிப்பது? மறுமணம் என்றால் நம் ஊரில் எல்லாவற்றையும் சுருக்கிவிடுவார்கள். கோயிலில் பத்துப் பேர், மேளம் இல்லை, மறுவீட்டு விருந்துக்கு வைக்கிற தேங்காய்ப்பால் குழம்பான சொதியும் இல்லை. அந்தச் சொதியைக் கதைக்குள் கொண்டுவாருங்கள், சமைக்கிறவளாக இறந்த மனைவியின் அம்மாவை வையுங்கள். மூன்றாம் பாலில் காய் வெந்து, இரண்டாம் பால் ஊற்றி, கடைசியில் தலைப்பால் சேர்த்து நுரைகூடும்போதே இறக்கிவிட வேண்டும், கொதித்தால் திரிந்துபோகும். அடுப்பைவிட்டு நகர முடியாத அந்த நேரத்தில் புதுப்பெண் இஞ்சிப் பச்சடிக்கு இஞ்சி சீவிக்கொண்டு பக்கத்தில் நிற்கட்டும். "அவ இதுல எலுமிச்சம்பழம் கூடுதலாப் பிழிவா" என்று கிழவி சொல்லட்டும். "அப்ப நாமளும் பிழிவோம் அம்மா" என்று இவள் சொல்லட்டும். மகளைப் பறிகொடுத்தவளுக்கு அந்த வீட்டில் வந்துபோக உரிமை இருக்கிறது என்று இந்த இரண்டு பேச்சிலேயே தெரிந்துவிடும். முதலிரவை எழுதுவதற்கு முன்னால் இதை எழுதுங்கள்.

எழுதி முடித்தபிறகு ஒரு சிவப்புப் பேனாவை எடுத்துக்கொண்டு முதல் அத்தியாயத்திலிருந்து வாசியுங்கள். இறந்தவர் பேச்சு வருகிற இடத்திலெல்லாம் ஓரத்தில் ஒரு புள்ளி வையுங்கள். தொடர்ந்து மூன்று அத்தியாயத்துக்குப் புள்ளியே இல்லாவிட்டால் அங்கே அவரை மறந்துவிட்டீர்கள், திருத்துங்கள். எல்லாப் பக்கத்திலும் புள்ளி இருந்தால் புதியவருக்கு இன்னும் நாற்காலி போடவில்லை, அதையும் திருத்துங்கள். அப்புறம் துணையை இழந்த யாராவது ஒருவரிடம், அவருக்குச் சம்மதம் இருந்தால், வாய்விட்டு வாசித்துக் காட்டுங்கள். அவர் எந்த இடத்தில் "இரு, இரு" என்று நிறுத்துகிறாரோ, அந்தப் பக்கத்தைத் திரும்ப எழுதுங்கள்.