மொழியும் வழக்கமும் வேறான நோயாளிக்கு நீரிழிவுப் பராமரிப்பைக் கற்றுக்கொடுக்கும் முறை

புலம்பெயர்ந்தவர்களும் சிறுபான்மை மொழி பேசுபவர்களும் சர்க்கரை நோய்க்காக வரும்போது, அச்சடித்த உணவுப் பட்டியலைக் கையில் கொடுத்து அனுப்பிவிடுவது வழக்கமாகிவிட்டது. அவர் வீட்டு அடுப்பில் ஏறும் ஒன்றுகூட அதில் இருக்காது. மூன்று மாதம் கழித்துச் சர்க்கரை ஏறியிருந்தால் 'சொன்னதைச் செய்வதில்லை' என்று குறிப்பெழுதிவிடுகிறார்கள். அதனால் முதல் சந்திப்பில் பாதி நேரத்தைக் கேள்விகளுக்கே ஒதுக்குங்கள்.

வீட்டில் சமைப்பது யார்? எல்லோருக்கும் ஒரே சமையலா? நேற்று காலையிலிருந்து என்னென்ன சாப்பிட்டீர்கள்? விரதமோ நோன்போ உண்டா? இந்த நோய் எதனால் வந்தது என்று நினைக்கிறீர்கள்? நாட்டு மருந்து ஏதாவது எடுக்கிறீர்களா? கடைசிக் கேள்வியைக் கேட்கும்போது முகம் சுளிக்கவே கூடாது. சுளித்தால் அடுத்த முறை மறைத்துவிடுவார். சில மூலிகைகள் சர்க்கரையை இறக்கும், மாத்திரையோடு சேரும்போது அளவுக்கு மீறி இறங்கிவிடும் என்பதால் அது நமக்குத் தெரிந்தே ஆக வேண்டும்.

மொழிபெயர்க்கப் பிள்ளைகளை உட்கார வைக்காதீர்கள். ஆண்மைக் குறைவு, சிறுநீர்ப் பாதைத் தொற்று, மனச்சோர்வு போன்றவற்றை மகன் வழியாக எந்தத் தாயும் தந்தையும் சொல்லமாட்டார்கள். பயிற்சி பெற்ற மொழிபெயர்ப்பாளர் தொலைபேசியில் கிடைத்தாலும் போதும். நோயாளியின் முகத்தைப் பார்த்து, இரண்டிரண்டு வாக்கியமாகப் பேசுங்கள். 'புரிந்ததா?' என்று கேட்டால் மரியாதைக்காகவாவது 'ஆமாம்' என்பார். 'நான் சரியாகச் சொன்னேனா என்று பார்க்கணும், வீட்டில் எப்படிச் செய்வீர்கள் என்று செய்து காட்டுங்கள்' என்று கேளுங்கள். எங்கே பிசகுகிறது என்று அப்போதுதான் தெரியும்.

பாதித் தட்டு காய்கறி, கால் தட்டு மாவுச்சத்து, கால் தட்டு புரதம் என்ற படம், எல்லோரும் ஒரே தட்டைச் சுற்றி உட்கார்ந்து சாப்பிடும் வீட்டில் உதவாது. அவர்கள் பரிமாறும் கரண்டியையும் கிண்ணத்தையும் கொண்டுவரச் சொல்லி, ஒரு கரண்டி எவ்வளவு பிடிக்கிறது என்று அளந்து, 'இதில் மூன்று எடுப்பதை இரண்டாக்குங்கள்' என்று சொல்லுங்கள். சமைப்பவரையும் கூட அழைத்துவரச் சொல்லுங்கள்.

ஊர் மாறி வந்தவர்களிடம் அளவீட்டுக் குழப்பம் மிக அதிகம். இரத்தச் சர்க்கரைக்குச் சில நாடுகளில் மில்லிகிராம் (ஒரு டெசிலிட்டருக்கு) கணக்கு, சிலவற்றில் மில்லிமோல் (ஒரு லிட்டருக்கு). மில்லிமோலை 18ஆல் பெருக்கினால் மில்லிகிராம் வரும். இதைவிட ஆபத்தானது இன்சுலின் ஊசி. யூ-40 என்றால் ஒரு மில்லிலிட்டரில் 40 யூனிட், யூ-100 என்றால் 100 யூனிட். யூ-40 சிரிஞ்சில் யூ-100 இன்சுலினை 10 என்ற கோடு வரை இழுத்தால் உள்ளே போவது 25 யூனிட். மாறாக, யூ-100 சிரிஞ்சில் யூ-40 இன்சுலினை அதே கோடு வரை இழுத்தால் 4 யூனிட் மட்டுமே போகும். பழைய சிரிஞ்சையும் குப்பியையும் எடுத்துவரச் சொல்லிக் கண்ணால் பாருங்கள்.

வயிற்றில் ஊசி போடும் இடத்தை விரலால் தடவிப் பாருங்கள். ரப்பர் போலக் கட்டி தட்டுப்பட்டால், ஒரே இடத்தில் போட்டு வந்திருக்கிறார் என்று பொருள். வலி குறைவு என்பதால் பலரும் அங்கேயே குத்துவார்கள். மருந்தோ ஒழுங்காக உறிஞ்சப்படாது. ஒவ்வொரு முறையும் ஒரு விரல் அகலம் தள்ளிப் போடப் பழக்குங்கள். கட்டியிலிருந்து நல்ல தோலுக்கு மாறும்போது அதே அளவு இன்சுலின் கூடுதலாக வேலை செய்யும். அதனால் அளவைக் குறைக்க வேண்டுமா என்று மருத்துவரிடம் முன்பே கேட்டுவிடுங்கள்.

நோன்பு இருக்காதே என்று ஒரேயடியாகத் தடுத்தால், சொல்லாமலே இருப்பார். ஆறு முதல் எட்டு வாரம் முன்பே பேசுங்கள். இன்சுலின், கிளிபென்கிளமைடு மாத்திரை போன்றவை எடுப்பவருக்குத் தாழ்சர்க்கரை, அதாவது சர்க்கரை அளவுக்கு மீறி இறங்கும் ஆபத்து உண்டு. சிறுநீர் வழியே சர்க்கரையை வெளியேற்றும் மாத்திரைகள் நீரிழப்பை உண்டாக்கும். மருந்தின் நேரத்தையும் அளவையும் மருத்துவர் மாற்றித்தர வேண்டும். சர்க்கரை 70 மில்லிகிராமுக்குக் கீழே போனாலும் 300ஐத் தாண்டினாலும் உடனே நோன்பை முடிக்க வேண்டும் என்று முன்கூட்டியே ஒப்புக்கொள்ள வையுங்கள். அவர் மதிக்கும் சமயப் பெரியவரும் இதைச் சொன்னால் சுமை குறையும்.

மூன்று மாதச் சர்க்கரைச் சராசரியைக் காட்டும் பரிசோதனை (HbA1c) எல்லோருக்கும் ஒரேபோல் உண்மை சொல்லாது. தலசீமியா, அரிவாள்செல் மரபணு போன்ற பரம்பரை இரத்தக் கோளாறுகளோ இரத்தசோகையோ இருந்தால் எண் ஏறியோ இறங்கியோ காட்டலாம். வீட்டு அளவீடுகளோடு பொருந்தாவிட்டால் நோயாளியைச் சந்தேகிக்காமல் ஆய்வகத்தைக் கேளுங்கள். ஆசிய மக்களுக்கு உடல் நிறை குறியீடு 23லேயே கவனம் தேவை. 25 வரை காத்திருக்க வேண்டாம்.

கிளம்பும்முன் தாழ்சர்க்கரைக்கு அவர் மொழியில் என்ன பெயர் என்று கேட்டு அந்தச் சொல்லிலேயே எழுதிக் கொடுங்கள்: நடுக்கம், வியர்வை, படபடப்பு வந்தால் 15 கிராம் குளுக்கோஸ், 15 நிமிடத்தில் மறுபரிசோதனை. ஒரு வாரத்தில் மொழிபெயர்ப்பாளரோடு தொலைபேசியில் அழைத்து, எது முடியவில்லை என்று முதலில் கேளுங்கள்.