சன்ரூஃப் ஒழுகுகிறதா? ஏர் கன்னைக் கீழே வையுங்கள்

போன புரட்டாசியில் ஒரு சாயங்கால மழை. வேலூரில் அந்த மாதம் அப்படித்தான்: பகல் முழுக்க வெயில் காயும், நாலு மணிக்கு மேல் கொட்டித் தீர்க்கும். மறுநாள் காலை பட்டறை வாசலில் மூன்று வண்டிகள் நின்றன. மூன்றும் சன்ரூஃப் வண்டிகள், அதாவது கூரையில் திறந்து மூடும் கண்ணாடி வைத்தவை. மூன்றிலும் உள்ளே தண்ணீர். புதிதாகச் சேர்ந்த பையன் முதல் வண்டியில் ஏறிக் கண்ணாடியைத் திறந்தான். மூலையில் தெரிந்த ஓட்டையில் ஏர் கன்னை, கம்ப்ரெஸர் காற்றைப் பீய்ச்சும் கருவியை, சொருகி அழுத்திவிட்டான். டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டு நான் ஓடுவதற்குள் உள்ளே எங்கேயோ ‘டப்’ என்று சின்னதாக ஒரு சத்தம்.

“அடைப்பு போயிடுச்சுண்ணா. காத்து இப்ப ஃப்ரீயா போவுது.”

இதே வார்த்தையை இதே சந்தோஷத்தோடு நானும் ஒரு காலத்தில் சொல்லியிருக்கிறேன். அதற்குக் கொடுத்த விலையைக் கீழே சொல்கிறேன். கண்ணாடியை மூடாமல் தூங்கப் போனது மாதிரியான கதைகளை இங்கே எழுதப்போவதில்லை. வேலை தெரிந்தவர்களே செய்கிற தவறுகளைப் பற்றித்தான் பேச்சு.

அதற்கு முன் ஒரு விஷயம். கண்ணாடியைச் சுற்றியிருக்கும் ரப்பர் பீடிங் தண்ணீரை முழுதாகத் தடுக்கும் என்று நினைத்துக்கொண்டால் எல்லாமே தப்பாகப் போகும். வீட்டு மொட்டைமாடியை நினைத்துக்கொள்ளுங்கள். மாடியில் மழை விழத்தான் செய்யும், விழுந்த தண்ணீர் பைப் வழியாக இறங்க வேண்டும், அவ்வளவுதான். சன்ரூஃபும் அப்படித்தான். பீடிங்கைத் தாண்டி வரும் கொஞ்சம் தண்ணீர் கண்ணாடிக்கு அடியில் உள்ள தட்டில் விழும். பெரும்பாலான வண்டிகளில் தட்டின் நாலு மூலையிலும் ஒவ்வொரு டிரெயின் பைப் இருக்கும். முன்பக்கம் இரண்டும் முன் பில்லருக்குள் (கூரையைத் தாங்கும் தூண்) இறங்கி முன் கதவுக் கீல் பக்கமோ ஃபெண்டருக்கு (முன் சக்கரத்துக்கு மேலே இருக்கும் தகரம்) உள்ளேயோ முடியும். பின்பக்கம் இரண்டும் பின் பில்லர் வழியாகப் பின் சக்கரத்துக்கோ பம்பருக்கோ பக்கத்தில் முடியும். ஒழுகல் என்று வரும் வண்டிகளில் பாதிக்கு மேல் பீடிங் நன்றாகவே இருக்கிறது. பைப்தான் வேலை செய்யவில்லை.

பீடிங் மேல் சிலிகான் பூசுவது

ஜன்னல் ஃபிரேமுக்குப் பூசும் சிலிகானை ஹார்டுவேர் கடையில் வாங்கி, கண்ணாடியைச் சுற்றி இழுத்துவிட்டு வருகிறவர்கள் இருக்கிறார்கள். ஒரு மாதம் ஒழுகாது. அக்னி நட்சத்திரத்தில் 40 டிகிரியைத் தாண்டும் ஊர் இது. தகரம் ஒரு அளவுக்கு விரியும், கண்ணாடி வேறொரு அளவுக்கு விரியும், நடுவில் சிலிகான் விளிம்பு விட்டுப்போகும். அதோடு யாராவது மறந்துபோய் ஸ்விட்சை அழுத்தினால் பீடிங் கிழிந்து, மோட்டாரும் திணறும். பிளாஸ்டிக் பட்டையால் அதைச் சுரண்டி எடுக்க எனக்கு அரை நாள் ஆகிறது. கூலி கேட்டால் “இவ்வளவா?” என்கிறார்கள்.

பீடிங் மேல்தான் சந்தேகம் என்றால் பத்து ரூபாய் நோட்டு ஒன்றை வைத்துக் கண்ணாடியை மூடி, மெதுவாக இழுத்துப் பாருங்கள். எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி பிடிப்போடு வர வேண்டும். ஒரு பக்கம் மட்டும் வழுக்கிக்கொண்டு வந்தால் கண்ணாடியின் மட்டம் தவறியிருக்கிறது. திருகைத் தளர்த்தி மட்டம் வைத்தால் போதும், புது பீடிங்கே தேவைப்படாது.

நனைந்த இடத்துக்கு நேர் மேலே தேடுவது

கால் வைக்கும் இடம் நனைந்தால் உடனே சன்ரூஃப்மேல் பழி போடாதீர்கள். மூன்று நாளாக மழையே இல்லை, ஏசி மட்டும் ஓடியது, இடது பக்கக் கார்ப்பெட் ஈரம் என்றால் அது ஏசித் தண்ணீர் வெளியேறும் பைப்பின் அடைப்பு. சித்திரை, வைகாசியில் வருகிற “ஒழுகல்” பெரும்பாலும் இதுதான். ஈரத்தைத் தொட்டால் விரல் பிசுபிசுத்து லேசாக இனிப்பு வாசனை அடித்தால் கூலன்ட், இன்ஜினைக் குளிரவைக்கும் திரவம். வைப்பருக்குக் கீழே இருக்கும் பிளாஸ்டிக் ஜாலிக்குள் இலை அடைத்துக்கொண்டாலும் தண்ணீர் உள்ளேதான் வரும். கதவுக்குள் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் தாள் விட்டுப்போனாலும் அப்படியே.

சந்தேகம் தீரவில்லையா, முகத்துக்குப் போடும் பவுடரைப் பில்லரின் உள்பக்கம் தூவிவிட்டு மேலே தண்ணீர் ஊற்றுங்கள். வந்த வழியில் கோடு விழுந்திருக்கும்.

ஏர் கன்

இதுதான் எனக்கு இன்றைக்கும் ஆற்றாமை.

எட்டு வருஷம் இருக்கும். ராணிப்பேட்டையில் ஒரு தோல் கம்பெனியில் வேலை பார்ப்பவர் வண்டியைக் கொண்டுவந்தார். இடது முன் சீட்டின் கால் பக்கம் லேசாக ஈரம். சன்ரூஃபைத் திறந்து பார்த்தேன். இடது முன் மூலையில் தண்ணீர் தேங்கி நின்றது, அடைப்பு என்பது சரியாகத்தான் பிடிபட்டது. டயருக்குக் காற்றடிக்கும் கம்ப்ரெஸர் பக்கத்திலேயே இருந்தது. ஏர் கன்னை ஓட்டையில் வைத்து அழுத்தினேன். முதலில் எதிர்த்து நின்றது, அப்புறம் ‘டப்’. அதன்பின் காற்று தடையில்லாமல் போனது. தேங்கிய தண்ணீரும் இறங்கிவிட்டது. 300 ரூபாய் வாங்கிக்கொண்டு அனுப்பிவைத்தேன்.

அந்த ‘டப்’ அடைப்பு உடைந்த சத்தம் இல்லை. தட்டின் மூலையில் ஒரு சின்ன மூக்கு இருக்கும், அதில் டிரெயின் பைப் வெறுமனே செருகப்பட்டிருக்கும். பல வண்டிகளில் கிளிப்கூடக் கிடையாது, ரப்பரின் பிடிப்புதான் எல்லாம். வருஷக்கணக்கில் கூரைச் சூட்டில் வெந்த ரப்பர் கெட்டியாகிச் சுருங்கி, அந்தப் பிடிப்பும் குறைந்திருக்கும். கார் டயருக்கு நாம் விடும் காற்றழுத்தம் 30, 35 பி.எஸ்.ஐ. கம்ப்ரெஸர் தொட்டியில் நிற்பது 120க்கு மேல். கீழே அடைத்திருக்கும் பைப்புக்குள் அவ்வளவு காற்றை விட்டால் அது எங்கே போகும்? இருப்பதில் பலவீனமான இடத்தைப் பிய்த்துக்கொண்டு வெளியே வரும். மேல் மூக்கிலிருந்து பைப் கழன்றுவிடும். கீழே அடைப்பு அப்படியே இருக்கும்.

இதில் கொடுமை என்னவென்றால் கழன்ற பைப்பும் சுத்தமான பைப்பும் மேலிருந்து பார்த்தால் ஒன்றுபோலத்தான் தெரியும். காற்று தடையில்லாமல் போகிறது, தண்ணீர் சரசரவென்று இறங்குகிறது. ஆனால் இறங்குவது கூரையின் உள்பக்கம் ஒட்டியிருக்கும் ரூஃப் லைனிங்குக்குள்.

ஐப்பசியில் அவர் திரும்பி வந்தார். லைனிங்கின் இடது ஓரம் டீ கொட்டியது மாதிரி பழுப்பாக இருந்தது. அது போகட்டும், கதவுப் பூட்டு தானாகவே பூட்டித் திறந்துகொண்டிருந்தது. சாவியை எடுத்த பிறகும் வைப்பர் ஆடியது. பில்லரை மூடியிருக்கும் பிளாஸ்டிக் டிரிம்மைக் கழற்றினால் பைப் மூக்கை விட்டு இரண்டு அங்குலம் கீழே தொங்கிக்கொண்டிருக்கிறது. முன்னே தட்டில் தேங்கி, மெதுவாகக் கசிந்து கார்ப்பெட்டுக்குப் போன தண்ணீருக்கு நான் நேர்வழி போட்டுக் கொடுத்திருக்கிறேன். டேஷ்போர்டுக்குக் கீழே இருந்த கம்ப்யூட்டர் பெட்டியின் பின்கள் எல்லாம் பச்சை பூத்திருந்தன.

அவர் சத்தம் போடவில்லை. “நீங்க கை வைக்கறதுக்கு முன்னாடி கால் மட்டும்தாங்க நனைஞ்சுது” என்றார். பெட்டியை என் காசில்தான் மாற்றினேன். 300 ரூபாய் வாங்கிய வேலைக்கு 22,000 போனது.

கழன்ற பைப்பைத் திரும்ப மாட்டுவது கையளவு வேலை, ஆனால் அந்த இடத்துக்குப் போய்ச் சேர ஒரு நாள் ஆகும். பக்கவாட்டு ஏர்பேக் உள்ள வண்டி என்றால் முதலில் பேட்டரி நெகட்டிவைக் கழற்றிவிட்டுப் பத்து நிமிஷம் காத்திருக்க வேண்டும். அப்புறம் பில்லர் டிரிம், சன்வைசர், கைப்பிடிகள், மேல் விளக்கு, கதவு ரப்பர் எல்லாம் கழற்றி, லைனிங்கை முன்பக்கம் மட்டும் மெதுவாகத் தாழ்த்த வேண்டும். அது அட்டை மாதிரி, ஒரு முறை மடிந்தால் அந்தக் கோடு போகவே போகாது. மடித்துவிட்டால் புது லைனிங்தான். பைப்பை மாட்டிவிட்டு ஒரு கிளிப்போ சின்ன பிளாஸ்டிக் டையோ போட்டுவிடுங்கள், அடுத்த முறையாவது தாங்கும்.

சரி, பின்னே எப்படிச் சுத்தம் செய்வது? புல் வெட்டும் மெஷினில் போடும் நைலான் நரம்பு ஒன்றரை மீட்டர் எடுங்கள். நுனியை லைட்டரில் காட்டி மொட்டையாக்குங்கள், கூராக இருந்தால் பைப்பைக் குத்தும். மேலிருந்து திருகித் திருகி உள்ளே விடுங்கள். எங்காவது தடைப்பட்டால் நிறுத்திக் கொஞ்சம் இழுத்து, கொஞ்சம் வெந்நீர் விட்டு, மறுபடி. கீழ் முனை கைக்கு எட்டினால் அங்கே வேக்கூம் கிளீனர் வைத்து இழுப்பது இன்னும் நல்லது. உறிஞ்சும்போது பைப் மூக்கோடு ஒட்டிக்கொள்ளுமே தவிர கழலாது. காற்று விட்டே தீர வேண்டும் என்றால் வாயால் ஊதுகிற அளவு விடுங்கள், ஒரு ஆள் கீழ் முனையில் கையை வைத்திருக்கட்டும். காற்று கையில் பட்டால்தான் பைப் இருக்கிறது என்று அர்த்தம்.

கடைசியாக அளந்து பார்க்க வேண்டும். மூலையில் ஒரு டீ கிளாஸ் தண்ணீரை மெதுவாக ஊற்றி, கீழ் முனைக்கடியில் கிண்ணம் வையுங்கள். ஊற்றியது அநேகமாக அப்படியே கிண்ணத்துக்கு வர வேண்டும். பாதிதான் வந்தது என்றால் மீதி பாதி உள்ளேதான் இருக்கிறது, வண்டியைக் கொடுத்துவிடாதீர்கள். ‘டப்’ சத்தம் கேட்ட வண்டியில் எங்கள் பையனுக்கு ஒரு கிளாஸுக்கு ஒரு சொட்டுகூட வரவில்லை. அன்று முழுக்க லைனிங்கைத் தாழ்த்திப் பிடித்துக்கொண்டு அவன்தான் நின்றான்.

பழைய கிளட்ச் கேபிளை விட்டுக் குத்துவது

பைப் கிழியும்.

பீடிங்குக்குத் தேங்காய் எண்ணெய்

தலைக்கு வையுங்கள். ரப்பருக்கென்று விற்கிற சிலிகான் ஸ்பிரேயைத் துணியில் அடித்துத் துடைத்தால் போதும்.

சமதரையில் மட்டும் சோதிப்பது

தண்ணீர் எந்த மூலைக்குப் போகும் என்பதை வண்டி நிற்கும் சரிவுதான் முடிவு செய்யும். ஒருவர் மூன்று முறை வந்தார். பட்டறையில் தண்ணீர் ஊற்றினால் ஒன்றுமே இல்லை, வீட்டில் மழை பெய்தால் டிக்கி நனைகிறது என்றார். ஆளையே சந்தேகப்பட ஆரம்பித்துவிட்டேன். கடைசியில் அவர் வீட்டுக்குப் போனேன். சத்துவாச்சாரி பக்கம் மலையடிவாரத் தெரு, வண்டி மூக்கைத் தூக்கிக்கொண்டு நிற்கிறது. விழுந்த தண்ணீர் முழுக்கப் பின்பக்கம் ஓடுகிறது, பின் இடது பைப் அடைப்பு. ஸ்டெப்னி டயரைத் தூக்கினால் குழியில் ஒரு பக்கெட் தண்ணீர், கொசுப்புழுவோடு. என் பட்டறைத் தரை முன்பக்கம் லேசாகச் சாய்ந்தது, அங்கே அது காட்டிக்கொடுக்கவே இல்லை.

ஏலகிரியிலிருந்து 14 கொண்டை ஊசி வளைவு இறங்கும்போது ஒவ்வொரு பிரேக்குக்கும் மேல் விளக்கிலிருந்து மடியில் தண்ணீர் ஊற்றியது என்று யாராவது சொன்னால் முன் பைப்புகளைப் பாருங்கள். இரண்டு பக்கமும் ஜாக்கி கொடுத்து, முன் உயரம், பின் உயரம் என்று தனித்தனியாக ஊற்றிச் சோதித்துவிட்டுத்தான் இப்போதெல்லாம் கொடுக்கிறேன்.

கீழ் முனையை மறப்பது

பல வண்டிகளில் பைப்பின் கீழ் முனையில் வாத்து மூக்கு மாதிரி ஒரு ரப்பர் வாய் இருக்கும். செம்மண் படிந்தால் அது ஒட்டிக்கொள்ளும். இரண்டு விரலால் அமுக்கித் தேய்த்தால் மண் உதிரும், பாதி அடைப்பு அங்கேயே தீரும். வாய் இல்லாத வண்டியில் குளவி கூடு கட்டிவிடுகிறது. ஒரு முறை நரம்பை எவ்வளவு விட்டும் நகரவில்லை, கீழே போய்ப் பார்த்தால் சுட்ட செங்கல் மாதிரி குளவிமண்.

கார்ப்பெட்டை மேலாகக் காயவைப்பது

மேலே தொட்டால் காய்ந்திருக்கும். அடியில் இருக்கும் ஸ்பாஞ்சை அமுக்கினால் தண்ணீர் வரும். சீட்டைக் கழற்றி, கார்ப்பெட்டைத் தூக்கி, ஸ்பாஞ்சைத் தனியாக வெயிலில் போட வேண்டும். வாசனை போக சென்ட் பாட்டில் தொங்கவிடுவது வேலை இல்லை.

ஐப்பசி வரட்டும் என்று விடுவது

அடைப்பு உண்டாவது பங்குனி, சித்திரையில். வேப்பம்பூவும் புங்கம்பூவும் கொட்டுகிற மாதங்கள் அவை. நிழல் என்று எல்லோரும் அந்த மரத்தடியில்தான் நிறுத்துகிறார்கள், பூ தட்டில் விழுந்து தூசியோடு சேர்ந்து காய்ந்து கிடக்கும். முதல் மழையில் ஊறிக் களியாகிப் பைப்புக்குள் இறங்கும். பூ உதிர்ந்து முடிந்ததும், வைகாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கண்ணாடியை முழுதாகத் திறந்து தட்டை ஈரத்துணியால் துடைத்து, மூலைக்கு ஒரு கிளாஸாக நாலு கிளாஸ் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். பின் இரண்டு ஓட்டைகள் கண்ணுக்கே தெரியாத வண்டிகள் உண்டு. அதில் வண்டியைக் கொஞ்சம் ஏற்றத்தில் நிறுத்தி, தட்டின் ஓரமாக ஊற்றினால் தானே தேடிப் போகும். பத்து நிமிஷ வேலை, பட்டறைக்கு வர வேண்டாம்.