லீற்றருக்கு எவ்வளவு ஓடுது? நானே செய்த மீற்றர்

என் பழைய காரில் பெற்றோல் செலவைக் காட்ட எதுவும் இல்லை. ஓர் ஆர்டுயினோ பலகையும் (நாமே நிரல் எழுதி இயக்கும் சின்ன மின்னணுப் பலகை) சின்னத் திரையும் வாங்கினேன். எஞ்சினுக்குப் பெற்றோலைப் பீச்சும் இன்ஜெக்டர் திறந்திருக்கும் நேரத்தைக் கூட்டினால் எரிந்த பெற்றோல் தெரியும். வேக சென்சரின் துடிப்பை எண்ணினால் தூரம். ஆனால் இன்ஜெக்டர் வயரை நேரே பலகையில் கொடுக்கவே கூடாது. அது மூடும் கணத்தில் 12 வோல்ட்டைவிடப் பல மடங்கு மின்னழுத்தம் எழும், 5 வோல்ட் பலகை கருகிவிடும். நடுவில் ஒப்டோகப்ளர் வைத்தேன்; அது இரு பக்கத்தையும் மின்சாரத்தால் இணைக்காமல் ஒளியால் மட்டும் சைகையைக் கடத்தும்.

அப்புறம் டாங்கியை நிரப்பி, கந்தளாய் போய் வந்து, மறுபடி நிரப்பி, பிடித்த லீற்றரோடு திரைக் கணக்கை ஒப்பிட்டுத் திருத்தினேன். சரி வந்தது.

கோணேசர் கோயிலிலிருந்து அக்சிலேற்றரை மிதிக்காமல் கியரில் இறங்கும்போது செலவு பூச்சியம்! காரின் எஞ்சின் கணினி இன்ஜெக்டரையே மூடிவிடுகிறது. நியூட்ரலில் இறங்கினால்தான் பெற்றோல் எரிகிறது.