காணாமல் போன பிக்சலும் கறுப்புப் பிக்சலும் ஒன்றல்ல

2003 மே 31 அன்று லேண்ட்சாட் 7 செயற்கைக்கோளின் ஸ்கேன் லைன் கரெக்டர், அதாவது நகர்வை ஈடுகட்டி ஸ்கேன் வரிகளை ஒழுங்காக அடுக்கும் கருவி, பழுதானது. அதற்குப் பின் எடுத்த ஒவ்வொரு படத்திலும் ஏறத்தாழ 22 சதவீதப் பிக்சல்கள் கிடையாது. படத்தின் நடுவில் குறை தெரியாது. ஓரத்துக்குப் போகப் போக வெற்றுக் கோடுகள் அகலமாகும். கோப்பில் அந்த இடங்களில் 0, அதாவது கறுப்புக்கான எண், இருக்கும். டெக்ஸ்சர் (பரப்பு வழவழப்பா, கரடுமுரடா என்பது) கணக்கிடுபவர்கள் பெரும்பாலும் சறுக்குவது இந்த 0-இல்தான்.

டெக்ஸ்சரை அளக்கும் ஜிஎல்சிஎம் முறை, பக்கத்துப் பிக்சல்களை ஜோடி ஜோடியாக எண்ணி, எந்தச் சாம்பல் நிலையோடு எது எத்தனை முறை சேர்கிறது என்று ஓர் அணியில் (அட்டவணையில்) குறிக்கிறது. ஜோடியின் சாம்பல் நிலைகளுக்கு இடையிலான வித்தியாசத்தை வர்க்கமாக்கிச் சராசரி எடுத்தால் கான்ட்ராஸ்ட். 7×7 சன்னலில், அதாவது படத்தின் ஒரு சிறு சதுரத் துண்டில், எல்லாமே 20 என்றால் கான்ட்ராஸ்ட் 0. நடு வரிசை மட்டும் காணாமல் போய் 0 ஆகிவிட்டால்? மேல்கீழாக உள்ள 42 ஜோடிகளில் 14-இன் வித்தியாச வர்க்கம் 400. கான்ட்ராஸ்ட் 133-ஐத் தாண்டும். வழவழப்பான வயல் கரடுமுரடான காடாகிவிடும்! இடவலமாக எண்ணினால் இதே கான்ட்ராஸ்ட் 0 என்றே வரும். ஒரு திசையை மட்டும் சோதித்தவருக்குச் சந்தேகமே வராது.

விடுபட்ட இடத்துக்கு 0-க்குப் பதில் சில கோப்புகளில் வரும் -9999 இன்னும் மோசம். தாவரக் குறியீடு -1 முதல் 1 வரைதான். -9999-ஐயும் சேர்த்து 32 சாம்பல் நிலைகளாகப் பிரித்தால், உண்மையான பிக்சல்கள் அத்தனையும் கடைசி நிலையில் அடைந்துகொள்ளும். நிலைகளின் எல்லையை நல்ல பிக்சல்களை வைத்தே முடிவு செய்ய வேண்டும்.

சரி, சுற்றியுள்ள பிக்சல்களை வைத்து இடைக்கணிப்பு செய்து நிரப்பிவிடலாமா? கண்ணுக்கு அழகாக இருக்கும். ஆனால் அது பொதுவாகக் கான்ட்ராஸ்டைக் குறைத்து ஒருமைத்தன்மையை (ஜோடிகள் எவ்வளவு ஒத்திருக்கின்றன என்ற அளவை) ஏற்றும்; அளக்க வந்த பொருளையே இழைத்துத் தேய்த்த மாதிரி. வெற்றிடத்தை நீக்கி மிச்சத்தை நெருக்கி ஒட்டுவதும் வேண்டாம், அண்டை வீட்டுக்காரர்களே அல்லாதவர்கள் ஜோடியாகிவிடுவார்கள்.

இரண்டில் ஒன்று விடுபட்டிருந்தாலும் அந்த ஜோடியை எண்ணாமல் விடுவதே என் வழி. பைதான் மொழியின் படச் செயலாக்க நூலகமான சைகிட் இமேஜின் ஜிஎல்சிஎம் செயற்கூறு மாஸ்க் வாங்காது; எந்தப் பிக்சலை விட வேண்டும் என்று அதனிடம் சொல்ல முடியாது. அதனால் 0-ஐ விடுபட்டவற்றுக்கே ஒதுக்கி, நல்ல பிக்சல்களை 1-இலிருந்து தொடங்கி, கிடைக்கும் அணியின் 0-ஆம் வரிசையையும் நெடுவரிசையையும் வெட்டிவிடுகிறேன். நார்மலைஸ் செய்வது, அதாவது எண்ணிக்கைகளை மொத்தத்தால் வகுப்பது, வெட்டிய பிறகுதான். முன்பே செய்தால் கூட்டுத்தொகை 1 வராது.

அப்புறம், சன்னலில் மிஞ்சிய ஜோடிகள் எத்தனை என்று பாருங்கள். பாதிக்கும் குறைவென்றால் நான் அந்த இடத்தை வெற்றாகவே விட்டுவிடுவேன்.