படச் சேமிப்புச் சேவையை ஏபிஐ வழியே இணைக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

இணையதளத்தின் படங்களைச் சொந்த சர்வரில் வைக்காமல், கிளவுடினரி, அமேசான் எஸ்3 போன்ற வெளிச் சேவைகளில் வைத்து, ஏபிஐ (ஒரு நிரல் இன்னொரு சேவையோடு பேசும் வழி) மூலம் இணைப்பது இன்று வழக்கமாகிவிட்டது. இணைப்புக்கான நிரல் சில வரிகளிலேயே முடிந்துவிடுவதால், முதல் படம் ஏறியதும் வேலை முடிந்ததாகத் தோன்றும். ஆனால் நாம் படத்தை ஒப்படைப்பது இன்னொருவர் நடத்தும் கணினியிடம். அதற்கென்று விதிகளும் வரம்புகளும் தடங்கல்களும் உண்டு. அதை நம் சொந்த வன்தட்டுபோல் கருதுவதிலிருந்தே பெரும்பாலான தவறுகள் பிறக்கின்றன.

மிகவும் ஆபத்தானது, சேவை நம் கணக்கை அடையாளம் காணப் பயன்படுத்தும் ரகசியச் சாவியை உலாவியில் இயங்கும் ஜாவாஸ்கிரிப்ட்டில் எழுதிவிடுவது. உலாவிக்குப் போகும் எதுவும் ரகசியமாக இருக்க முடியாது. டெவலப்பர் கருவிகளைத் திறக்கத் தெரிந்த எவரும் அதைப் படித்துவிடலாம். சாவியைச் சூழல் மாறியில் (நிரலுக்கு வெளியே வைக்கும் அமைப்பு மதிப்பில்) வைத்துவிட்டதால் பாதுகாப்பாக இருக்கிறது என்று நம்புவோரும் உண்டு. ஆனால் அந்த மாறியை முன்பக்க நிரலில் பயன்படுத்தினால், பில்ட் செய்யும்போது (நிரலை வெளியீட்டுக்கான கோப்பாக மாற்றும்போது) அதன் மதிப்பு இறுதிக் கோப்புக்குள் அப்படியே பதிந்துவிடுகிறது. சாவி சர்வரில் மட்டுமே இருக்க வேண்டும். உலாவியிலிருந்து நேரடியாகப் படம் ஏற்ற வேண்டுமானால், சர்வர் கையொப்பமிட்டுத் தரும் தற்காலிக முகவரியைப் பயன்படுத்த வேண்டும். எஸ்3 இத்தகைய முகவரியை அதிகபட்சம் 7 நாட்கள் வரை அனுமதித்தாலும், ஒரு படத்தை ஏற்றுவதற்குச் சில நிமிடங்களே போதும் என்பது என் கருத்து. கிளவுடினரியில் கையொப்பம் இல்லாமல் ஏற்றும் வழியும் உண்டு. அதை வடிவம், அளவு போன்ற கட்டுப்பாடுகள் இல்லாமல் திறந்துவைத்தால், முகம் தெரியாதவர்கள் உங்கள் கணக்கில் படங்களை நிரப்பலாம்.

நிரல் மாற்றங்களின் வரலாற்றைச் சேமிக்கும் கிட் களஞ்சியத்துக்குள் சாவி தவறுதலாகப் போய்விட்டால், அடுத்த கமிட்டில் (மாற்றப் பதிவில்) அந்த வரியை நீக்குவதால் பயனில்லை; பழைய வரலாற்றில் அது இருந்துகொண்டே இருக்கும். முதலில் சாவியை ரத்துசெய்து புதியதைப் பெற வேண்டும். துப்புரவுப் பணி அதற்குப் பிறகுதான்.

ஏற்றப்படும் கோப்பின் பெயர் ஜேபெக் என்று முடிவதாலேயே அது படம் என்று நம்பிவிடக் கூடாது. கோப்பின் உண்மையான வகையைக் காட்டும் தொடக்கப் பைட்டுகளைச் சர்வரில் சரிபார்க்க வேண்டும். உரை வடிவில் எழுதப்படும் படவகையான எஸ்விஜி கோப்புக்குள் ஸ்கிரிப்ட் இருக்க முடியும் என்பதால், அறிமுகமற்றவர்களிடமிருந்து அதை ஏற்காமல் இருப்பதே நல்லது. கைபேசிப் படங்களோடு சேர்ந்து பதிவாகும் எக்ஸிஃப் தகவலில், எடுத்த இடத்தின் அட்சரேகையும் தீர்க்கரேகையும் இருக்கக்கூடும். அதை நீக்காமல் வெளியிட்டால், பயனர் தம் வீடு இருக்கும் இடத்தைத் தம்மை அறியாமலே உலகுக்குச் சொன்னவராகிவிடுவார். இதைச் சிறிய விஷயமாக நினைத்துக் கடந்துபோவது எனக்கு உண்மையிலேயே கவலை தருகிறது.

பிழைகளைக் கையாள்வதிலும் நிதானம் வேண்டும். 429 என்ற பதில் வந்தால், கோரிக்கைகளின் எண்ணிக்கை வரம்பைத் தாண்டிவிட்டது என்று பொருள். உடனே மீண்டும் மீண்டும் அனுப்பினால் நிலைமை மோசமாகும். பதிலோடு காத்திருக்க வேண்டிய நேரம் குறிப்பிடப்பட்டிருந்தால் அதை மதிக்க வேண்டும். இல்லையென்றால் ஒவ்வொரு முறையும் இடைவெளியை இரட்டிப்பாக்கி, சில முயற்சிகளோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். 401 வந்தால் பெரும்பாலும் சாவியிலோ கையொப்பத்திலோதான் கோளாறு, மறுமுயற்சி உதவாது. காலக்கெடு கடந்து இணைப்பு அறுந்தாலும் படம் அங்கே ஏறியிருக்கக்கூடும். ஆகவே கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிட்ட ஹாஷ் மதிப்பையே (ஒரே உள்ளடக்கத்துக்கு எப்போதும் ஒரே மாதிரி வரும் குறி) பெயராக வைத்தால், மறுமுயற்சியில் இரட்டைப் பிரதிகள் சேராது.

படத்தை பேஸ்64 (பைட்டுகளை எழுத்துகளாக எழுதும் முறை) ஆக மாற்றி அனுப்பினால் அளவு ஏறத்தாழ 33 சதவீதம் கூடும். சேவை அனுமதித்தால் கோப்பாகவே அனுப்புவது மேல்.

தரவுத்தளத்தில் படத்தின் முழு முகவரியை எழுதிவைப்பதன் விளைவு, சேவையை மாற்றும் நாளில்தான் தெரியும். அடையாளக் குறியை மட்டும் சேமித்து, முகவரியை ஒரே இடத்தில் உருவாக்கினால், மாற்றம் அந்த ஒரு செயற்கூறோடு முடிந்துவிடும். அந்தக் குறி நீக்கத்துக்கும் தேவைப்படும்: பயனர் பதிவை அழிக்கும்போது தரவுத்தள வரிசையை மட்டும் நீக்கினால், படம் வெளிச் சேவையில் தங்கிவிடும். அங்கே நீக்கிய பிறகும் சிடிஎன் (படங்களின் நகல்களைப் பல இடங்களில் வைத்து விரைவாக வழங்கும் வலையமைப்பு) தற்காலிக நகலை வழங்கிக்கொண்டிருக்கலாம் என்பதால், நீக்கக் கோரிக்கையோடு அந்த நகலைக் காலாவதியாக்கும் கோரிக்கையையும் அனுப்ப வேண்டும்.