ஆளுமைச் சோதனை எழுதியவர்கள் செய்யக்கூடாதவை

பயிற்சிக்கு வரும் புதியவர்கள் பெயரைச் சொல்லும் முன்பே "நான் இன்ட்ரோவர்ட்", "நான் விஷுவல் லேர்னர்" என்று ஆரம்பித்துவிடுகிறார்கள். நானும் அப்படித் திரிந்தவன்தான். கேள்வியை நிதானமாகப் படியுங்கள் என்பதெல்லாம் தெரிந்ததே, விட்டுவிடுகிறேன்.

முடிவைக் காட்டிப் படிப்பைக் குறுக்கிக்கொள்வது

இதைப் பார்த்தால் இன்னமும் எரிச்சல் வருகிறது. புள்ளியியல் படிக்கும் ஒருவருக்கு, கற்றல் பாணியைச் சொல்லும் 'வார்க்' (VARK) வினாத்தாளில் 'பார்த்துக் கற்பவர்' என்று வந்ததாம். அன்றிலிருந்து வீடியோ மட்டும்தான். நோட்டை வாங்கிப் புரட்டினேன். நான்கு வண்ணத்தில் அம்புக்குறிகள், கட்டங்கள். திட்டவிலக்கத்துக்கு அழகான படம்கூட இருந்தது. போட்டுப் பார்த்த கணக்கு ஒன்றுகூட இல்லை. ஐந்து எண்களைக் கொடுத்துத் திட்டவிலக்கம் கேட்டேன். சராசரியோடு நின்றுவிட்டார். "எழுதிப் படிக்கிறது என் ஸ்டைல் இல்லை சார்." தேர்வோ அடுத்த வாரம்.

நீல் ஃபிளெமிங் உருவாக்கிய வார்க் கேட்பதெல்லாம் உங்களுக்கு எது பிடிக்கும் என்றுதான். எப்படிப் படித்தால் மனதில் நிற்கும் என்று அது சோதிப்பதே இல்லை. அவரவர் பாணிக்கேற்பக் கற்பித்தால் கூடுதலாகக் கற்கிறார்கள் என்பதற்குப் போதிய சான்று இல்லை என்று உளவியலாளர் ஹெரால்டு பாஷ்லர் குழு 2008இலேயே சொல்லிவிட்டது. புத்தகத்தை மூடிவிட்டு நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்களுக்கு, திரும்பத் திரும்ப வாசித்தவர்களைவிட ஒரு வாரம் கழித்து அதிகம் நினைவிருந்ததை 2006இல் உளவியலாளர்கள் ரோடிகரும் கார்ப்பிக்கும் காட்டினார்கள். ஆனால் எழுதிப் பார்த்தால் தெரியாததெல்லாம் அம்பலமாகிவிடும். அதிலிருந்து தப்பிக்க ஒரு சான்றிதழ் கிடைத்தால் யார் விடுவார்கள்?

எந்த முறை வேண்டும் என்பதைப் பாடம்தான் தீர்மானிக்கும். நில வரைபடத்தை எல்லோரும் பார்த்துத்தான் ஆகவேண்டும். உச்சரிப்பை, முடிந்தவரை காதால் கேட்டுத்தான் பிடிக்கவேண்டும்.

"அப்படியே என்னைச் சொல்லுது!" என்று சிலிர்ப்பது

1948இல் உளவியலாளர் பெர்ட்ராம் ஃபோரர் தன் மாணவர்களுக்கு ஒரு சோதனை வைத்து, எல்லோருக்கும் ஒரே விவரிப்பைக் கொடுத்தார். பெரும்பாலும் சோதிடப் புத்தகத்திலிருந்து எடுத்த வரிகள். தனக்கு எவ்வளவு பொருந்துகிறது என்று மாணவர்கள் அதற்குத் தந்த சராசரி மதிப்பெண் 5க்கு 4.26! உங்கள் முடிவை நண்பரிடம் அவருடையது என்று சொல்லிக் கொடுத்துப் பாருங்கள். அவரும் தலையாட்டினால் அதில் உங்களைப் பற்றி ஒன்றுமில்லை.

நான்கெழுத்தை ரத்த வகைபோல நினைப்பது

INTJ போல நான்கெழுத்தில் முடிவு சொல்லும் மையர்ஸ்-பிரிக்ஸ் ஆளுமைச் சோதனையில், மதிப்பெண் நடுக்கோட்டுக்கு இந்தப் பக்கம் என்றால் ஒரு எழுத்து, அந்தப் பக்கம் என்றால் வேறெழுத்து. கோட்டை ஒட்டியிருப்பவர் மறுபடி எழுதினால் மாறிவிடலாம். பண்புகளை அளவாகக் காட்டும் ஐம்பெரும் பண்புச் சோதனை (Big Five) பரவாயில்லை.

மையர்ஸ்-பிரிக்ஸை வைத்து வேலைக்கு ஆளெடுப்பது

கூடாது. சோதனையை வெளியிடும் நிறுவனமே அப்படித்தான் சொல்கிறது.