ஜூலையில் அளந்த தண்ணீரை நம்பாதீர்கள்: தோட்டத்துக்குச் சொந்த மின்சாரம் எடுப்பவர்கள் தவிர்க்க வேண்டியவை

இலங்கை மலையகத்தில் சொந்தமாகக் கரண்ட் எடுப்பது புதிய யோசனை இல்லை. ஒரு காலத்தில் பல தேயிலைத் தொழிற்சாலைகள் ஓடைத் தண்ணீரில் சக்கரம் சுற்றித்தான் ஓடின. மின்சார சபையின் கம்பி வந்தபிறகு அந்தச் சக்கரங்களில் பல கைவிடப்பட்டன. 2022 மார்ச் கடைசியில் ஒரே நாளில் 13 மணிநேரம் வரை மின்வெட்டு வந்தபோது பலருக்கு அந்தப் பழைய நினைப்பு திரும்பியது. நினைப்பு நல்லதுதான். ஆனால் தொடக்கத்தில் போடும் கணக்கு தப்பினால் எவ்வளவு நல்ல இயந்திரம் வாங்கினாலும் திட்டம் படுத்துவிடும்.

அதிகம் நடக்கும் தவறு, மழை மாதத்தில் தண்ணீரை அளப்பது. ஹற்றன், நோர்வூட் பக்கம் ஜூலையில் ஓடையைப் பார்த்தால் யாருக்கும் ஆசை வரும். சின்ன ஓடையை அளக்கப் பெரிய கருவி வேண்டாம். தண்ணீர் முழுவதையும் ஒரு குழாய் வழியாகத் திருப்பி, 20 லீற்றர் வாளி எத்தனை வினாடியில் நிரம்புகிறது என்று பாருங்கள். 2 வினாடி என்றால் வினாடிக்கு 10 லீற்றர். அது 40 மீற்றர் உயரத்திலிருந்து இறங்கினால், பாதி இழப்பில் போனாலும் ஏறத்தாழ 2,000 வாட் கிடைக்கும். 20 காம்பரா (ஒரு குடும்பத்தின் அறை வீடு) உள்ள லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீட்டில், காம்பராவுக்கு 100 வாட். லைட், டீவி, போன் சார்ஜ் எல்லாம் நடக்கும். அதே வாளியை மார்ச்சில் வையுங்கள். நிரம்ப 8 வினாடி எடுத்தால் காம்பராவுக்கு 25 வாட்தான். பீலியில் (ஓடைத் தண்ணீர் விழும் குழாயில்) குடிதண்ணீர் பிடிப்பவர்களின் பங்கையும் கீழே மரக்கறி போடுபவர்களின் பங்கையும் அதிலும் கழிக்க வேண்டும். எல்லாத் தண்ணீரையும் குழாயில் திருப்பினால் லைட்டோடு சண்டையும் வரும்.

எது காய்ந்த மாதம் என்பது மலைக்கு மலை மாறும். ஹற்றன் இருக்கும் மேற்குச் சரிவில் பெப்ரவரி, மார்ச். கிழக்கே ஊவாவில், பதுளை, பசறைப் பக்கம் ஜூன் முதல் ஓகஸ்ட் வரை. தென்மேல் பருவக்காற்று மழையை ஹற்றன் பக்கம் கொட்டிவிட்டு வெறுங்காற்றாகத்தான் ஊவாவுக்குள் இறங்குகிறது.

இந்த மாத விஷயம் தெரிந்தால் 'தண்ணீரா, சோலாரா?' என்ற வாதமே வேண்டியதில்லை. ஹற்றனில் ஓடை வற்றும் மாதங்களில்தான் வானம் தெளிந்து வெயில் அடிக்கும். பனிமூட்டம் சோலாரைக் கெடுக்கும் ஜூன், ஜூலையில் ஓடை நிறைய ஓடும். காசு இருந்தால் இரண்டையும் சிறிதாக வையுங்கள். ஒன்றைப் பெரிதாக வைப்பதைவிட அது புத்திசாலித்தனம் என்பது என் கருத்து.

சோலாரில் ஆட்கள் ஏமாறும் இடம் வேறு. கூரையில் பெனல் இருக்கும், பில்லும் குறையும். ஆனால் மின்சார சபைக் கம்பியில் கரண்ட் போன நொடியே வீட்டிலும் போகும். பழுது இல்லை. கம்பியில் வேலை செய்யும் ஆளுக்கு உங்கள் கூரைக் கரண்ட் அடித்துவிடக்கூடாது என்பதற்காகச் சாதாரண இன்வெர்ட்டர் (பெனல் கரண்டை வீட்டுக் கரண்டாக மாற்றும் பெட்டி) தானாகவே நிற்கும். மின்வெட்டிலும் லைட் எரிய வேண்டுமென்றால் பெட்டரியோடு வேலை செய்யும் ஹைபிரிட் இன்வெர்ட்டர் வேண்டும். இதை வாங்கும் முன்பே கடைக்காரரிடம் நேராகக் கேளுங்கள்: "கரண்ட் கட்டானால் இது ஓடுமா?" பெட்டரியிலும் ஒரு கணக்கு உண்டு. பழைய ஈய அமில வகையைப் பாதிக்குமேல் அடிக்கடி வடியவிட்டால் ஆயுள் சுருங்கும். பெட்டியில் எழுதியிருக்கும் அளவில் பாதிதான் கையில் இருப்பது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் கம்பி. சக்கரம் ஓடைக் கரையில், லயம் 500 மீற்றர் தள்ளி. மலிவாகக் கிடைக்கிறதே என்று 2.5 சதுர மில்லிமீற்றர் செம்புக் கம்பி இழுத்து 2,000 வாட் அனுப்பினால், 230 வோல்ட்டில் ஏறத்தாழ 60 வோல்ட் வழியிலேயே தொலையும். தடித்த கம்பிக்கான காசை முதலிலேயே ஒதுக்குங்கள். இடி மின்னலுக்கு எர்த்தும் பாதுகாப்பும் போடாமல் விடவே கூடாது.

மாலை ஏழு மணிக்கு ஒரு காம்பராவில் 1,500 வாட் கேத்தல் போட்டால் லயம் முழுக்க மங்கும். யார் போட்டது என்று தேடுவதால் பயனில்லை. ஒவ்வொரு வீட்டுக்கும் அளவு மீறினால் விழும் சுவிட்சைத் தொடக்கத்திலேயே பொருத்திவிட வேண்டும். அயன் பெட்டிக்கும் ரைஸ் குக்கருக்கும் இந்தக் கரண்ட் போதாது என்பதையும் லயத்து ஆட்களின் முதல் கூட்டத்திலேயே சொல்லிவிடுங்கள், பின்னால் மனத்தாங்கல் குறையும்.

கூட்டம் என்றதும் திறப்பு விழா ஞாபகம் வருகிறது. பூசை போட்டு, படம் எடுத்து, அதோடு சரி. அடைமழை இரவில் தண்ணீர் எடுக்கும் வாயின் கம்பி வலையில் இலையும் குச்சியும் அடைத்துக்கொள்ளும்போது, டோர்ச்சோடு இறங்கி அள்ளிப்போட ஒருவர் வேண்டும். அவருக்கு மாதாமாதம் ஏதாவது கொடுக்க வேண்டும். பெயரிங், பெல்ட், புதுப் பெட்டரிக்கு என்று வேறாகச் சேமிக்க வேண்டும். 'தண்ணீர் சும்மாதானே வருகிறது, எதற்குச் சந்தா?' என்று கேட்பார்கள். வரவு செலவை லயத்துச் சுவரில் ஒட்டிவிட்டால் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லிக்கொண்டிருக்க வேண்டாம்.

கடைசியாக நிலம். 1992 முதல் பெரும்பாலான தோட்டங்களைப் பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகள்தான் நடத்துகின்றன. காம்பராவும் ஓடைக் கரையும் பல இடங்களில் குடியிருப்பவர்களின் பெயரில் இல்லை. துரை (தோட்ட நிர்வாகி) வாயால் 'சரி, செய்யுங்கள்' என்று சொன்னதை நம்பிக் குழாய் பதிக்க வேண்டாம். குழாய் போகும் வழியைப் படத்தில் வரைந்து, கம்பனியின் கையெழுத்தோடு அனுமதிக் கடிதம் வாங்கி, ஒரு பிரதியை இந்தக் கரண்டை நடத்தும் உங்கள் சங்கத்தின் கோப்பில் வைத்துக்கொள்ளுங்கள். துரைமார் மாற்றலாகிப் போவது சகஜம்.